முதல் சவாரி

அருளப்பன் தன் கையாலேயே ஒரு கார் செய்ய ஆசைப்பட்டு, வீட்டுக் கொட்டகையில் அதன் இரும்புச் சட்டத்தை இறக்கி வைத்தார். அவருடைய பழைய காரிலிருந்து கழற்றிய இன்ஜின் பக்கத்தில் கிடந்தது.

“அண்ணே, நீங்க எங்கெல்லாம் போயிருக்கீங்க?” என்று சட்டம் கேட்டது.

“நான் போகாத ஊரா! மழையில குற்றாலம் போவோம். பிள்ளைங்க பின்னால பாடிக்கிட்டே வருவாங்க. அதெல்லாம் ஒரு காலம்.”

“நான் எங்கயுமே போனதில்ல” என்றது சட்டம்.

அப்போது அருளப்பனின் மனைவி ரெஜினா காபியோடு வந்தாள். சட்டத்துக்குள் இரண்டு மரப்பெட்டிகளைப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

“எங்க போகலாம்?”

“கார் வாங்கறதுக்கு முன்னாடி பஸ்ல போனோமே, அந்த மணப்பாடு கடலுக்கு. மெதுவா ஓட்டுங்க.”

இல்லாத ஸ்டியரிங்கை அவர் திருப்பினார். அவள் கண்ணை மூடி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் இன்ஜின் தயங்கித் தயங்கிக் கேட்டது: “தம்பி, கடல் எப்படி இருந்துச்சு?”