வெளிநாட்டுத் தொடர்புள்ளவர்

"போன வருஷமே சங்கத்த விட்டு விலகிட்டன் எண்டு எழுதித் தா. பழைய திகதி போடு."

தலைவர் நெய்னார் இப்படிச் சொன்னதும் ஷஃபீனாவுக்குக் காது சுட்டது. பாலாவி ஊர்ச் சங்கக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள்.

தொண்ணூறில் போரில் விரட்டப்பட்டபோது மன்னாரில் விட்டுவிட்டு வந்த காணிகளுக்கு உறுதிப் பத்திரம் தேடிக்கொடுக்கிற சங்கம். வழக்காடும் சட்டத்தரணியின் செலவுக்கு உதவுவது ஒரு வெளிநாட்டு அமைப்பு. ஏழு வருஷமாக அவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவள் ஷஃபீனா. கீழே பெயர் இருக்காது, சங்க முத்திரை மட்டும்.

இப்போது புதுச் சட்டமாம். வெளிநாட்டாரோடு தொடர்பு வைத்தது யார், என்ன எழுதினார் என்று கேட்டுப் படிவம் வந்திருந்தது.

"நானா, எங்கட காணிய நாங்க கேட்டது குற்றமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியா. உன்னால சங்கத்துக்குக் கரைச்சல் வரக்கூடா."

"என்னாலயா? அலீமாட காணி வழக்க இவ்வளவு தூரம் கொண்டு வந்தது ஆர்? ஒரு படிவத்தக் கண்டதும் உங்களுக்குக் கை கால் உதறுது. தலைவராம்."

"ஓம், உதறுது. கையெழுத்த வை. கடிதக் கோப்பையும் தா."

"எதுக்கு, எரிக்கவா?"

அவள் கையெழுத்து வைத்த தாளையும் கோப்பையும் அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பஸ்ஸில் அவளுக்கு நெஞ்சு கொதித்தது. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் செய்தோம். அதற்கு எங்களையே சந்தேகப்படுகிறார்கள். அவர்களுக்குப் பயந்து எங்கள் ஆளே எங்களை வெட்டி எறிகிறார்.

பதினைந்து நாள் பொறுத்தாள். அலீமாவின் வழக்குக்கு அந்தக் கோப்பு வேண்டும். அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி உம்மு குல்தூம்.

"ராத்தா, தலைவர் எங்க? ஒளிச்சிட்டாரா?"

"கொழும்புக்குப் போயிட்டார் புள்ள. விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த."

"அவரையா? அவர் என்ன செஞ்ச?"

"படிவத்தில கடிதம் எழுதினது ஆர் எண்டு கேட்ட இடத்தில தன்ட பேரைத்தான் போட்டார். ஒனக்குச் சொல்ல வேணாமெண்டவர். சொன்னா நீ விடமாட்டியாம்."

"ராத்தா, அவருக்கு இங்கிலிஷ் ஓரெழுத்தும் தெரியாதே."

"ஓம் புள்ள. அதான் பதினஞ்சு நாளா மகள வாசிக்க வெச்சி, ஒன்ட கடிதம் எல்லாத்தையும் மனப்பாடமாக்கிட்டுப் போயிரிக்கார்."