ட்ராக் குரல்

"டாக்டர், எங்க வீட்டுக்காரர் திரும்பி வர்றதுக்குள்ள இதைச் சரி பண்ணிடணும். உங்களைக் கூப்பிட்டது அவருக்குத் தெரியாது."

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவள் அல்ல. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற பெண். தெருவே சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் அது. அவளும் பெயருக்கேற்ற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்கக்கா, நோயாளிக்கு என்ன செய்யுது?" என்றாள்.

படுக்கையறையாக இருந்து ஒலிப்பதிவு அறையாக மாறிய அறை அது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. ஜன்னலுக்குக் கனத்த திரை. நடுவில் ஒற்றைக் காலில் நிற்கும் மைக்.

"பாட்டைத் திறந்தா நல்லாத்தான் திறக்குது. ஓட்டினா ஓடுது. ஆனா பாடறவங்க மைக் முன்னாடி வந்து நின்னு, இவர் ரெக்கார்ட் பட்டனைத் தொட்டதும் பட்டுனு மொத்தமா மூடிக்கிது. பாவம், அந்தப் பாடகியும் வந்து வந்து சும்மா திரும்பிப் போறாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். அவங்களைக் கூட்டிட்டு வரத்தான் கார் எடுத்துட்டுப் போயிருக்கார்."

"பெரிய பாடகியோ?"

"பேரைச் சொன்னா நாற்காலியை விட்டு எழுந்துடுவீங்க."

"அப்ப சொல்லாதீங்கக்கா, வேலை கெட்டுடும். ஏன் முன்னாடியே என்னைக் கூப்பிடல?"

"கூப்பிடலாம்னு சொன்னேன். 'இதை யாரும் தொட வேண்டாம், தானாச் சரியாகும்'னு எரிஞ்சு விழுந்தார்."

"சில பேர் அப்படித்தான். முத்தினப்புறம்தான் டாக்டர்கிட்ட வருவாங்க."

டாக்டர் மைக்கைப் பக்கத்தில் இழுத்து, ரெக்கார்ட் பட்டனைத் தொட்டபடியே "ஹலோ, ஹலோ, பசிக்குது" என்று பாடிப் பார்த்தாள். திரை இமைத்தது, பாட்டு மறைந்தது. மறுபடி திறந்தாள்; திரை எதையோ எச்சரித்தது, சோதனைக்காகப் 'பரவாயில்லை' என்று அழுத்தினாள். மெமரியைப் பார்த்தாள், மெஷின் பின்னால் கையை வைத்துச் சூடு பார்த்தாள், வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டினாள். திரையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரிசை இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தடவிக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்தாள்.

"பிடிச்சிட்டேன்! புதுசாப் பாடறவங்களுக்கு வெச்சிருக்கிற வரிசையில மட்டும் ஒரு பழைய பிளக்-இன் மாட்டியிருக்கு. எதிரொலி குடுக்கிற குட்டி புரோகிராம். இந்த சாஃப்ட்வேருக்கு அது ஒத்துக்காது. தொட்டா மயங்கி விழுந்துடும்."

அதைக் கழற்றினாள். இந்தத் தடவை அவளுடைய பசி முழுசாகப் பதிவாகி, திருப்பியும் ஒலித்தது.

"முடிஞ்சுதுக்கா!"

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள் வீட்டுக்காரி.

"நல்ல சேதியை இப்படித் துக்கம் விசாரிக்கிற மாதிரி சொல்றவங்களை நான் பார்த்ததே இல்ல."

வீட்டுக்காரி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டைப் போடுறீங்களா? முதல் வரிசையில இருக்கிற குரலோட."

டாக்டர் போட்டாள். மழை விட்ட பிறகும் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்குமே, அப்படியொரு குரல். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. பாட்டு முடிந்தும் டாக்டரின் கை மவுஸைத் தொடவில்லை.

"யாருக்கா இது?"

"நான்தான்."

"நீங்களா? அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்?"

"இது ட்ராக் குரல். பேரு இருக்கிறவங்க கேட்டுப் படிச்சுக்கிறதுக்காக முதல்ல ஒருத்தர் பாடி வைக்கிறது. அவங்க பாடினதும் இதை அழிச்சிடுவாங்க. கல்யாணம் ஆனதிலேர்ந்து அவர் போட்ட பாட்டெல்லாம் முதல்ல என் வாயிலதான் பிறக்கும். ஆனா ஒண்ணுகூட என் குரல்ல வெளியே போனதில்ல."

"நீங்க கேட்டதில்லையா?"

"எப்படிக் கேக்கிறது? அவராச் சொல்லணும். 'இது இப்படியே இருக்கட்டும்'னு, ஒரே ஒரு தடவை. ஒவ்வொரு பாட்டுக்கும் அடுப்படியில நின்னுக்கிட்டுக் காதை இந்த அறையிலதான் வெச்சிருப்பேன். அழிக்கிற பட்டனுக்குச் சத்தம் கிடையாது டாக்டர். ஆனா எனக்குக் கேட்டுடும்."

டாக்டர் பையை மூடாமலே கேட்டாள். "இன்னிக்கும் மூடிக்கிட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நாளைக்கு இந்தப் பாட்டுக்கு ஷூட்டிங். 'வேற வழியில்ல, உன் குரலோடயே அனுப்ப வேண்டியதாயிடும் போல'ன்னு காலையில சொன்னார். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார். என் முகத்தைக்கூடப் பார்க்கல. அவ்வளவு அவமானமா இருந்திருக்கு மனுஷனுக்கு. அதைப் பார்த்தப்புறம்தான் உங்களுக்கு போன் போட்டேன். என்னால அவர் தலைகுனிய வேண்டாம்."

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு விஷயம் உறுத்துதுக்கா. இது தானா மாட்டிக்கிற சாமான் இல்ல. ஒரு தடவை இதனால மூடிக்கிச்சுன்னா, சாஃப்ட்வேரே இதைத் தள்ளி வெச்சிடும். 'ஆபத்து, வேண்டாம்'னு சொல்லும். யாராவது 'பரவாயில்ல, போடு'ன்னு அழுத்தினாத்தான் மறுபடி உள்ளே வரும். ஒவ்வொரு தடவையும் யாரோ அழுத்தியிருக்காங்க. இந்த மெஷினை யார் யார் தொடுவீங்க?"

"எனக்கு இதைத் திறக்கக்கூடத் தெரியாது. அவர் மட்டும்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டரின் பையை எடுத்து அவள் தோளில் தானே மாட்டினாள் வீட்டுக்காரி.

"கழற்றினதை அப்படியே திரும்ப மாட்டிட்டு, பின்பக்கமாப் போயிடுங்க டாக்டர். நீங்க இங்க வரவே இல்ல."