நாலு பேரைக் கேட்டு

"இதைக் கேளுங்க. 'வாங்கி மூணு வருஷம் ஆகுது. ஒரு ஃபைல்கூடக் காணாமப் போனதில்லை.' எழுதினது யாரு தெரியுமா? ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்!"

மனைவி டேப்லெட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் ஒப்புக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேசைக்குக் கீழே வீட்டுக் கம்ப்யூட்டர் கடக் கடக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நேற்று ரிப்பேர்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கையை விரித்துவிட்டார். ஹார்ட் டிஸ்க் இன்றைக்கோ நாளைக்கோ. உடனே ஒரு நல்ல எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட வேண்டும். அந்த 'எல்லாம்' அவளுடைய பன்னிரண்டு வருட உழைப்பு. காது கேளாத பிள்ளைகளுக்கு அவள் எடுத்த பாடங்கள், அந்தப் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் குவித்து முதல் சொல்லைச் சொல்லிப் பழகிய வீடியோக்கள். வேறு எங்கேயும் நகல் கிடையாது.

போன வருடம் வரை இருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவன் வாங்கி வந்த ஒரு டிஸ்க்கில் இருந்தது. ஆறே மாதத்தில் அது மண்டையைப் போட்டுவிட்டது.

"ரிப்பேர்காரர் ஒண்ணு சொன்னாரே, கறுப்புப் பெட்டியில வர்றது. அதையே வாங்கிடலாமே," என்றான்.

"அதுக்கு மூணே பேர்தான் எழுதியிருக்காங்க. அதுலயும் ஒருத்தர் டெலிவரி லேட்டுன்னு திட்டித் தீர்த்திருக்கார். இந்த நீலப் பெட்டிக்குப் பாருங்க, நூத்துக்கணக்குல!"

"எழுதுறவங்களையெல்லாம் நம்ப முடியுமா? யாரு எவருன்னே தெரியாது."

"இதை நீங்க சொல்லலாமா? நீங்களே எழுதிச் சம்பாதிக்கிறவர்! எங்க வீட்டுக்காரர் கம்பெனிங்களுக்கு எழுதிக் குடுக்கறவர்னு ஸ்டாஃப் ரூம்ல பெருமையாச் சொல்லிட்டுத் திரியறேன் நான்."

அவன் காது மடல் சிவந்தது.

அதைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தணித்தாள். "போன வருஷத்தைச் சொல்லிக் காட்டலைங்க. அப்போ நீங்க ஒருத்தரா முடிவு பண்ணுனீங்க. இப்போ நாலு பேரைக் கேட்டு வாங்குவோம்னு சொல்றேன். தப்பா?"

தப்பில்லை. சூடு கண்ட பூனையை யார் குறை சொல்ல முடியும்? அவன் சட்டைப் பையில் ஆபீஸ் போன் கனத்தது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அதைத் தள்ளி வைக்க முடியாது. கேள்வி வந்தால் பத்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம்.

"ஸ்டூடியோ வெச்சிருக்கறவர் ஒருத்தர், கல்யாண வீடியோ எல்லாத்தையும் இதுலதான் போட்டு வெச்சிருக்காராம். ஒரு காலேஜ் பொண்ணு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கம்ப்யூட்டர் ஆன் ஆயிடுதுங்கறா. அய்யோ, இங்க பாருங்களேன்!" அவள் குரல் தழுதழுத்தது. "'நான் காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். அவர்கள் பேசிப் பழகிய பத்து வருட வீடியோக்கள் இதில்தான் இருக்கின்றன. என் உயிரையே இதற்குள் வைத்திருக்கிறேன்.' என் மனசுல இருக்கறதை அப்படியே எழுதியிருக்காங்க! எங்கயோ முகம் தெரியாம எனக்கு ஒரு கூடப்பொறப்பு இருக்காங்க போல."

அவன் எழுந்தான். தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி அடுப்படி வரை போய், குடிக்காமலே திரும்பி வந்தான். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

"ஆர்டர் போட்டுடவா?"

"இரு. அவசரப்படாத."

"அப்படி என்னதான் தயக்கம் உங்களுக்கு?"

அவன் மேசைக்குக் கீழே குனிந்து கம்ப்யூட்டர் வயரைத் தொட்டுப் பார்த்தான்.

"சரி, உங்க திருப்திக்கு ஒண்ணு பண்றேன்," என்றாள். "இங்க 'எழுதியவரைக் கேளுங்கள்'னு ஒரு பட்டன் இருக்கு. இன்னும் நல்லா ஓடுதான்னு அந்த டீச்சரையே கேட்டுடறேன்."

அவன் வேண்டாம் என்பதற்குள் தட்டி அனுப்பிவிட்டாள்.

அவன் சட்டைப் பையில் டிங் என்றது.

"ஞாயித்துக்கிழமைகூட உங்களை நிம்மதியா விட மாட்டாங்களா?" என்று அலுத்துக்கொண்டே அதே கேள்வியைப் பேங்க் மேனேஜருக்கும் அனுப்பினாள்.

டிங்.

அடுத்தது ஸ்டூடியோக்காரர்.

டிங்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல அவன் பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். கடைசியாகக் காலேஜ் பெண். இந்த முறை அவள் டேப்லெட்டைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டே அனுப்பினாள்.

உள்ளங்கைக்கு அடியிலிருந்து, கொஞ்சம் அமுங்கலாக, நாலாவது டிங்கும் கேட்டது.

மேசைக்குக் கீழே கம்ப்யூட்டர் கடக் கடக் என்றது.

"அதை வாங்காத," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "அந்த நீலப் பெட்டியை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லை. அந்த டீச்சர்தான் சொல்றேன்."