வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மேசை மேல் மூன்று தொட்டிகள். மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்ப்பவை. கடைக்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சாயங்காலம் திருப்பித் தந்துவிட வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்கு அவள் வாங்கித் தரும் கடைசிப் பொருள் அதுதான். வேறு பள்ளிக்கு மாறுதல் ஆணை வந்துவிட்டது. வருகிற புதன்கிழமையோடு சரி.

பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். வேறு ஏதாவது வந்து விழும்.

மோட்டார் வைத்ததுதான் பார்க்க அழகு. குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் பள்ளி விட்டதும் வாட்ச்மேன் தங்கப்பழம் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுவார். தலைமை ஆசிரியையே கெஞ்சினாலும் மசியாத மனிதர். மோட்டார் நின்றால் விடிவதற்குள் வேர் காய்ந்துவிடும்.

அதைத் தள்ளி வைத்தாள்.

அடுத்தது மூடி போட்ட பெரிய தொட்டி. ஒரு தடவை சத்து கலந்த தண்ணீரை ஊற்றினால் போதும். கீரையை அறுக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இதுதான் சரி. இது யாரையும் தேடாது.



பிள்ளைகளைக் கூப்பிட்டு விளக்கினாள். முன்பெஞ்சு ஜெனி தொட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு டீச்சர். அப்போ நாங்க எதுக்கு?”

டீச்சர் ஜன்னல்வரை போனாள். திரும்பி வந்தாள்.

மூன்றாவது, ஒரு சின்னத் தட்டு. தினமும் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கும். மறந்தால் கீரை தலையைத் தொங்கப் போட்டுவிடும். இந்தத் தொல்லை வேண்டாம் என்று அதை முதலிலேயே ஓரங்கட்டியிருந்தாள்.

அதை நடுவில் இழுத்து வைத்தாள்.

வகுப்பு ஒரே கூச்சலாகிவிட்டது. திங்கள் முபாரக்குக்கு. செவ்வாய் இசக்கியம்மாளுக்கு. புதனும் வியாழனும் பின்பெஞ்சுக்கு, அதற்கும் ஒரு சண்டை. சனி ஞாயிறு தட்டையே வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவதாக ஜெனி சத்தியம் செய்தாள்.

“வெள்ளிக்கெழம டீச்சருக்கு!” என்றான் முபாரக். “டீச்சரும் ஊத்தணும்லா!”

எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள்.

“வெள்ளிக்கெழமைய வேற யாராவது எடுத்துக்கோங்க.”

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. ஜெனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு எடுத்துக்கிடுதீங்க?”

இவ்வளவு நேரம் ஒரு நாளுக்காக அடித்துக்கொண்ட பிள்ளைகள்.

ஒருவரும் கையைத் தூக்கவில்லை.