ஏலக்காய் வைரம்

கட்டப்பனை நகைக்கடையில் மத்தியான வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டி விழ, கறுப்பு வெல்வெட் தட்டில் ஐந்து நிச்சயதார்த்த மோதிரங்கள் கண்ணடிக்கின்றன. "வட்டக் கல்லுதான் லட்சணம். என் மூத்த மருமக ரெண்டு பேருக்கும் அதான்" என்கிறாள் மாமியாராகப் போகும் மைக்கேலம்மாள். அந்த மருமகள்களுக்குப் புடவை நிறம்கூட அவள்தான் சொல்கிறாள் என்று கேள்வி. மாப்பிள்ளை பினு வீரமாக மின்விசிறியைப் பார்க்கிறான். இன்று வட்டத்துக்குத் தலையாட்டினால் ஆயுசுக்கும் ஆட்ட வேண்டியதுதான் என்று மணப்பெண் டின்சிக்குத் தெரியும். வண்டன்மேட்டு ஸ்டோரில் ஒன்பது வருஷம் ஏலக்காய் தரம்பிரித்த அவள் விரல் வட்டம், சதுரம், இதயம், துளி என்று ஒவ்வொன்றாகக் கழிவுப் பக்கம் தள்ளுகிறது. மிஞ்சுவது இரு முனையும் கூர்ந்த கல். "ஏலக்காயையா விரல்ல மாட்டப்போற?" என்கிறாள் மைக்கேலம்மாள். "நமக்குச் சோறு போட்டதுதான அத்தை, விரல்ல இருக்கட்டுமே" என்றபடி டின்சி அதை வெளிச்சத்தில் திருப்புகிறாள். "இந்த வடிவந்தான் வேணும். ஆனா இது வேண்டாண்ணே, ஒரு முனை தெறிச்சிருக்கு. வேற எடுங்க." சிரித்துக்கொண்டே லென்ஸைக் கண்ணில் வைக்கும் கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. "சரிதான் மோளே" என்று அவர் உள்ளறைக்கு ஓடுகிறார். பினு மின்விசிறியிலிருந்து கண்ணைக் கீழே இறக்கிப் பெண்ணைப் பார்க்கிறான். மைக்கேலம்மாளோ விரலில் இறுகிப்போன தன் வட்டக்கல் மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றி, டின்சியிடம் நீட்டுகிறாள்: "இதையுங் கொஞ்சம் பாரு தாயி."