எலுமிச்சைச் செடியில் இரண்டு பெயர்கள்

ஓர் எலுமிச்சைச் செடியில் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் குடித்தனம் நடத்தின. கணவன் முழுக்கக் கறுப்பு. மனைவி நல்ல மஞ்சள். ஒருநாள் பூச்சிகளை ஆராயும் ஒருவர் வந்து இருவரையும் உற்றுப் பார்த்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்வது அவர் பழக்கம்.

"கறுப்பு ஓர் இனம். மஞ்சள் வேறோர் இனம்." நோட்டில் வரிசையாக இரண்டு பெயர் எழுதினார்.

"கேட்டீங்களா? நாம ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே இல்லையாம்," என்றாள் மனைவி.

"பேரு நல்லா நீளமா இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு," என்றான் கணவன்.

அவள் விருட்டென்று பறந்து போய், அவர் கண்ணெதிரிலேயே ஓர் இலையில் ஆறு முட்டை இட்டாள்.

"ஐயோ, குடுவையில போட்டு மூடிடப் போறாரு!" என்று பதறினான் கணவன்.

"மூடட்டும். கூடவே இருந்து பார்த்தாத்தான் அவருக்குப் புரியும்."

அவர் இலையோடு முட்டைகளை வீட்டுக்கு எடுத்துப் போனார். புழுக்களுக்குத் தினமும் கொழுந்து போட்டார். மூன்று வாரமும் அவள் அந்த வீட்டுச் சன்னலை விட்டு நகரவில்லை.

கடைசியில் இரண்டு கறுப்பும் நான்கு மஞ்சளும் சிறகு விரித்தன. அவர் நெடுநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு நோட்டை எடுத்து, இரண்டாவது பெயரைக் கோடு போட்டு அடித்தார். சன்னலைத் திறந்துவிட்டார்.

"அடிச்சது உன் பேரைத்தான்," என்றான் கணவன் தயங்கித் தயங்கி.

அவள் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு... அஞ்சு... ஆறு. ம், என்ன சொன்னீங்க?"