காணாமல் போன பட்டைகள்

"திருடன் யாருன்னு எனக்குத் தெரியும். புயல் ஓயட்டும், அவன் வாசல்லயே போய்க் கேக்கறேன்."

அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தார் மருந்துக்கடைக்காரர். வெளியே காற்று பேயாட்டம் ஆடியது. கடற்கரையில் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய புது வீட்டுக்கு இன்றுதான் பரீட்சை.

கூரைச் சட்டங்களைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள்தான் அந்த வீட்டின் உயிர். ஊரெல்லாம் அலைந்து வாங்கி வந்திருந்தார். வேலை நடக்கும்போதே அதில் ஒரு மூட்டை மாயமானது. மறுபடியும் நாயாக அலைந்தார்.

சந்தேகமெல்லாம் பின்வீட்டுத் தையல்காரர் மேல்தான். வீடா கட்டுகிறீர்கள், கோட்டையா என்று தெருவே சிரிக்கக் கேலி செய்த ஆள்.

"பாவம், தகரக் கூரை. பிள்ளைகுட்டிக்காரர்" என்றாள் மனைவி.

"பறக்கட்டும். அப்பத் தெரியும் கோட்டையோட அருமை."

ஒருவழியாகக் காற்று அடங்கியது. அவர் வெளியே பாய்ந்தார். கூரையில் ஒரு ஓடுகூட அசையவில்லை.

"நின்னுடுச்சு! பாத்தியா, நின்னுடுச்சு!"

வயதை மறந்து குதித்தார். அதே வேகத்தில் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

தெருவில் பல வீடுகள் மொட்டையாக நின்றன. தையல்காரரின் தகரக் கூரை மட்டும் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அதன் ஓரம் முழுக்க வரிசையாகப் பளபளத்தன, காணாமல் போன அதே பட்டைகள்.

கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினார். அதற்குள் தையல்காரரே ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க கொடுத்தனுப்பினப்போ, இந்தத் துண்டுத் தகடா காப்பாத்தப் போவுதுன்னு சிரிச்சுக்கிட்டேதான் அடிச்சேன். இன்னைக்கு எம் பிள்ளைங்க முழுசா இருக்குன்னா, அது உங்க தயவு."

நாக்கு நுனிவரை வந்த 'திருடா' தொண்டைக்குள் திரும்பிப் போனது. மருந்துக்கடைக்காரர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

பின்னாலேயே வந்திருந்த மனைவி, அவர் காதோடு சொன்னாள்:

"திருடினது நான்தான். ஆனா புண்ணியத்தை உங்க பேர்லதான் சேத்திருக்கேன். கெடுத்துடாதீங்க."